கண்ணால் பார்த்துக் குத்துங்கள்: கழுத்து ஊசியும் ஸ்கேன் கருவியும்



நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். விஷயம் மருத்துவம். நான் டாக்டர் இல்லை, முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. புவனகிரி, சிதம்பரம், கடலூர் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது என்றும் நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ரத்தக்குழாயில் ஊசி போடும்போது ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே போட வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் இது வழக்கமாக வேண்டும். கருவியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, கையையும் கண்ணையும் பழக்க வேண்டும். இதற்காகக் கருவில் இருக்கும் பெண் குழந்தையைக் காக்கும் சட்டத்தைத் தளர்த்தவும் கூடாது. மூன்றும் ஒன்றாக முடியுமா என்றால், முடியும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் காதில் விழும் வார்த்தை, "நரம்பு கிடைக்கல", "நரம்பு ஓடுது". குளுக்கோஸ் ஏற்ற வருகிற நர்ஸம்மாவும் அப்படித்தான் சொல்வார், நாமும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் ஊசி போவது நரம்பில் அல்ல. மூளைக்கும் உடம்புக்கும் செய்தி கொண்டு போவதுதான் நரம்பு. ஊசி போவது சிரையில், அதாவது உடம்பெல்லாம் சுற்றிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயில். இதயத்திலிருந்து அழுத்தத்தோடு ரத்தம் கொண்டு போவது தமனி. சிரையின் சுவர் மெல்லியது, லேசாக அழுத்தினாலே அமுங்கிவிடும். தமனியின் சுவர் தடித்தது, துடித்துக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையில் சிரை கிடைக்காதவர்கள் யார்? வாந்தி பேதியில் வற்றிப்போன குழந்தை. பல தடவை கீமோதெரபி எடுத்து குழாய்கள் கெட்டியாகிப்போன புற்றுநோயாளி. உடம்பு பருத்தவர்கள். பல வருடம் சர்க்கரை இருந்து கை முழுக்க ஊசித் தழும்பு வாங்கிய பெரியவர்கள். இவர்கள் கையில் நாலு இடம், ஐந்து இடம் குத்துவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வலிதான், ஆனால் பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும்.

கழுத்து விஷயம் அப்படி இல்லை. பூச்சிமருந்து குடித்து ஐ.சி.யூ.வில் கிடப்பவர், ரத்த அழுத்தம் விழுந்துவிட்டவர், அவசரமாக டயாலிசிஸ் தேவைப்படுபவர் ஆகியோருக்குக் கழுத்திலோ, தோள் எலும்புக்குக் கீழோ, தொடை இடுக்கிலோ இருக்கும் பெரிய சிரையில் குழாய் போட வேண்டியிருக்கும். "சென்ட்ரல் லைன்" என்பார்கள். டயாலிசிஸுக்குப் போடும் குழாய் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன். அந்தக் கழுத்துச் சிரைக்குப் பக்கத்திலேயே, சிலருக்கு நேர் கீழேயே, மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் தமனி துடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் நுரையீரலின் உச்சி. ஊசி தவறித் தமனியில் பட்டால் கழுத்து வீங்கும். தெரியாமல் அந்தத் தடித்த குழாயையே தமனிக்குள் இறக்கிவிட்டால் பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம். நுரையீரலில் பட்டால் நெஞ்சுக்குள் காற்று புகுந்து மூச்சு முட்டும்.

இந்த வித்தையின் வரலாறே சுவாரசியமானது. 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது டாக்டர், தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தார். அன்று திட்டு வாங்கினார். 1956இல் நோபல் பரிசு வாங்கினார். 1953இல் ஸ்வீடனில் செல்டிங்கர் என்பவர் இன்னொரு வழி சொன்னார்: முதலில் மெல்லிய ஊசி, அதன் வழியாக ஒரு கம்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேலாகக் குழாய். இன்றைக்கும் உலகம் முழுக்க இதே முறைதான். ஐ.சி.யூ. பக்கம் போனால் "கைடு ஒயர்" என்று காதில் விழுமே, அது இந்தக் கம்பிதான்.

அப்போதெல்லாம் ஊசியை எங்கே குத்துவது? வெளி அடையாளம் பார்த்து. கழுத்துத் தசை இரண்டாகப் பிரியும் முக்கோணம், அதன் உச்சி, விரலால் தமனித் துடிப்பைத் தொட்டு அதற்கு வெளிப்பக்கம். கைதேர்ந்த டாக்டர்கள் இப்படியே ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் கழுத்துக்குள்ளும் குழாய் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. நம் வெள்ளாறு பாலத்துக்குக் கீழே எங்கே ஆழம் என்று கரையில் நின்று கணக்குப் போடுவது மாதிரிதான் அது. பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறும் அன்றைக்கு ஆள் போய்விடுவான்.

அல்ட்ராசவுண்ட் கருவி இந்தக் கணக்கை மாற்றியது. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலியை வாங்கிப் படமாக்குகிறது. வௌவால் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க லாஞ்ஜெவின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்த ஒலியைப் பயன்படுத்தினார். 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற டாக்டர் இதே ஒலியால் வயிற்றுக்குள் இருக்கும் கருவைப் படமாகக் காட்டினார். இந்த ஒரு கண்டுபிடிப்பு பிறகு நம் நாட்டில் எந்தப் பக்கம் போனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கழுத்தில் அந்தக் கருவியை வைத்தால் திரையில் இரண்டு கருப்பு வட்டம் தெரியும். லேசாக அழுத்தினால் ஒன்று அமுங்கும், அது சிரை. இன்னொன்று அமுங்காமல் துடிக்கும், அது தமனி. முதலில் சொன்ன வித்தியாசம் இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

பலன் எவ்வளவு? இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2002லேயே கழுத்துச் சிரையில் குழாய் போட அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுங்கள் என்று பரிந்துரைத்துவிட்டது. 2015இல் காக்ரேன் அமைப்பு, 35 ஆய்வுகளை, 5,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. கழுத்துச் சிரையில் ஸ்கேன் பார்த்துப் போட்டபோது மொத்தச் சிக்கல்கள் 71 சதவீதம் குறைந்தன. தவறித் தமனியில் குத்துவது 72 சதவீதம் குறைந்தது. கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், முன்பு நூறு பேருக்குத் தமனியில் குத்திய இடத்தில் இப்போது 28 பேருக்குத்தான். நூறு குடும்பத்தில் 72 குடும்பம் தப்பித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 28 என்று சொன்னேன், பூஜ்யம் என்று சொல்லவில்லை. மீதி 28 ஏன்?

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். கருவி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது, ஸ்மார்ட் போர்டு வாங்கி மாட்டிவிட்டால் பிள்ளைகள் பாஸாகிவிடுவார்கள் என்று நினைப்பது போல.

ஒரு முருங்கைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டினால் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தை மட்டும் பார்த்து, வெட்டியது காயின் நுனிக்குப் பக்கத்திலா, நடுவிலா, காம்புப் பக்கமா என்று சொல்ல முடியுமா? முடியாது. ஸ்கேன் கருவி காட்டுவதும் ஒரு மெல்லிய வெட்டுத்தான். ஊசியைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும்போது திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது ஊசி முனையா, ஊசித் தண்டின் நடுவா என்று புதிதாகப் பழகுபவருக்குத் தெரியாது. புள்ளி சிரைக்குள் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். முனையோ சிரையின் பின்சுவரைத் தாண்டித் தமனிக்குள் போயிருக்கும்.

இது என் கற்பனை இல்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 25 பயிற்சி டாக்டர்களை ஒரு பொம்மை உடம்பில் ஸ்கேன் பார்த்துக் கழுத்துச் சிரையில் ஊசி போடச் சொன்னார்கள். 16 பேர் தெரியாமலே பின்சுவரைத் துளைத்தார்கள். கண்ணுக்கு எதிரே திரை இருந்தும் இப்படி!

ஆகவே கருவியோடு சேர்ந்து ஒழுங்கும் வேண்டும். மருத்துவ நூல்களிலும் வழிகாட்டிகளிலும் திரும்பத் திரும்ப வருபவற்றை நம் பாஷையில் சொல்கிறேன்.

ஒன்று. குத்துவதற்கு முன்பே இரண்டு பக்கக் கழுத்தையும் ஸ்கேனில் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சிரை பெரிது, எங்கே தமனியின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது, உள்ளே ரத்தக்கட்டி இருக்கிறதா என்று தெரியும்.

இரண்டு. ஊசி முனையை விடாமல் தொடர வேண்டும். முருங்கைக்காயை நீளவாக்கில் பிளந்தால் நுனி முதல் காம்பு வரை தெரிவது போல, ஊசியை நீளவாக்கில் பார்த்தால் முனை முழுதாகத் தெரியும். குறுக்கே பார்ப்பவர் ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி, கருவியைக் கொஞ்சம் நகர்த்தி, புள்ளி மறையும் இடத்தைப் பிடித்து முனையைத் தேட வேண்டும். முனை தெரியவில்லையென்றால் ஊசி நகரக் கூடாது. இதுதான் தலையாய விதி.

மூன்று. கம்பி உள்ளே போனதும், அது சிரைக்குள் இருப்பதைக் குறுக்கும் நெடுக்கும் ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் துளையைப் பெரிதாக்கும் 'டைலேட்டரை' எடுக்க வேண்டும். ஊசி தமனியில் பட்டால் பெரும்பாலும் அழுத்திப் பிடித்துச் சமாளிக்கலாம். தடித்த குழாய் போய்விட்டால் அறுவை சிகிச்சை வரை போகும். சின்னத் தப்பைப் பெரிய தப்பாக விடாமல் தடுக்கும் கதவு இந்த ஒரு நிமிடம்தான்.

நான்கு. சுத்தம். கை கழுவுதல், கிருமிநாசினி, உடம்பு முழுக்க மூடும் துணி, கருவியின் தலைக்குக் கிருமி நீக்கிய உறை, கிருமி நீக்கிய ஜெல். ஜெல்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2021இல் அமெரிக்காவில் அல்ட்ராசவுண்ட் ஜெல்லிலேயே கிருமி இருந்து, நோயாளிகளுக்குத் தொற்று பரவி, அந்த ஜெல்லைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

ஐந்து. வேலை முடிந்ததும் கம்பி முழுதாக வெளியே வந்துவிட்டதா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். கம்பியை உள்ளேயே விட்டுவிட்ட சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

இதில் செவிலியருக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டரின் முயற்சியில், நூறுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் இந்தக் குழாய் போட ஐந்து அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பட்டியலில் ஒன்று விடுபட்டாலும் "டாக்டர், நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை நர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. ஆயிரம் குழாய்-நாட்களுக்குச் சராசரியாக 7.7ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை வருடத்தில் 1.4ஆகக் குறைந்தது. 2006இல் வெளியான முடிவு இது. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. ஒரு காகிதமும், சொல்லும் தைரியமும்தான். என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் பலர் இன்று செவிலியராக இருக்கிறார்கள். வகுப்பில் "சார், போர்டுல தப்பா எழுதிட்டீங்க" என்று எழுந்து நின்று சொன்ன பிள்ளைகள், ஐ.சி.யூ.விலும் அதைச் சொல்ல முடிகிற நிலை வர வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் என் ஒன்றுவிட்ட அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அவசர டயாலிசிஸ். ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். கழுத்தில் லைன் போட உள்ளே கூட்டிப்போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்த இளம் டாக்டர், "மூணு தடவை ட்ரை பண்ணோம், தமனில பட்டுடுச்சு, அழுத்திப் பிடிச்சிருக்கோம், நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அண்ணி வெளியே வந்து, "தம்பி, கழுத்து ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கு தம்பி" என்று அழுதார். மறுநாள் வேறொரு டாக்டர் ஸ்கேன் பார்த்து மறுபக்கம் போட்டார். ஒரே குத்து. பத்து நிமிடம்.

"இதை நேற்றே செய்திருக்கலாமே டாக்டர்?" என்று கேட்டேன். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். அவர் சொன்ன பதில்: "சார், அந்த மெஷின் ஸ்கேன் ரூம் பேர்ல பதிவாகியிருக்கு. வார்டுக்கு எடுத்துட்டு வந்தா சட்டப் பிரச்சினைன்னு யாரும் தொட மாட்டாங்க. இன்னிக்கு பேஷண்டையே ஸ்கேன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ப் போட்டேன்."

அண்ணன் அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். அந்த டாக்டர் சொன்னது மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. அந்தக் கட்டடத்தில் கருவி இருந்தது. போடத் தெரிந்த ஆளும் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பயம் இருந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான் வந்தது.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பெண்ணை அழித்தோம். அதனால் 1994இல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தது. 2003இல் அது கடுமையாக்கப்பட்டது. பதிவு இல்லாத இடத்துக்கு ஸ்கேன் கருவியை விற்கவே கூடாது. 2012 விதித் திருத்தத்தின்படி, கையில் எடுத்துச் செல்லும் கருவியைப் பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், நடமாடும் மருத்துவ வண்டியிலும் மட்டுமே பயன்படுத்தலாம். பதிவேட்டில் குறை இருந்தால் "எழுத்துப்பிழைதானே" என்று தப்பிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

டாக்டர்கள் சிலர் இந்தச் சட்டத்தைத் திட்டுவார்கள். "கழுத்தைப் பார்க்கிற கருவிக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் கேள்வி கேட்கப்படும் ஊர் எது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள். நம் கடலூர் மாவட்டத்தில் 900கூட இல்லை. மாநிலத்திலேயே கடைசி வரிசையில் நின்றோம். சேலத்தில் 1992இல் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை, அந்தக் கணக்கு வந்த பிறகு, 2011இல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியதாயிற்று. தருமபுரி, கள்ளக்குறிச்சி பக்கங்களில் வீட்டுக்குள் கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துப் பாலினம் சொன்னவர்கள் கைது என்ற செய்தியை இன்றும் நாளிதழில் படிக்கிறோம்.

ஆகவே சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் பெண் பிள்ளைகளின் வரிசை எத்தனை முக்கியம் என்று தெரிந்தவன் நான். ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி ஐ.சி.யூ. நோயாளியைக் குருட்டாம்போக்கில் குத்துவதையும் ஏற்க முடியாது. எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. பதிவு செய், வளாகத்துக்குள் வை, பதிவேடு எழுது என்றுதான் கேட்கிறது.

இங்கே இயற்பியல் நமக்கு உதவிக்கு வருகிறது. ஒலியின் அதிர்வெண் கூடக்கூடப் படம் தெளிவாகும், ஆனால் ஆழம் குறையும். வயிற்றுக்குள் பார்க்கும் ப்ரோப் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். ரத்தக்குழாய் பார்க்கும் நேர்முக ப்ரோப் ஏறக்குறைய 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ், அது சில சென்டிமீட்டர் ஆழம்தான் நன்றாகக் காட்டும். கழுத்துச் சிரை தோலிலிருந்து ஒன்று இரண்டு சென்டிமீட்டரில் இருப்பதால் அதற்கு இதுவே தாராளம். வயிற்று ப்ரோப்பைப் பொருத்த முடியாத, ரத்தக்குழாய்க்கு மட்டுமான கருவிகளை அரசே மொத்தமாக வாங்கலாம். மருந்து கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இலிருந்து நம்மிடம் இருக்கிறது. ஐ.சி.யூ., டயாலிசிஸ் பிரிவு, அவசரச் சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு கருவியைப் பதிவு செய்து, தள்ளுவண்டியோடு சங்கிலி போட்டுக்கூடப் பூட்டட்டும். எந்த நோயாளி, எந்த நேரம், எந்த இடத்துச் சிரை, யார் போட்டார் என்று ஒரு நோட்டு. அந்த நோட்டு சட்டத்துக்கும் கணக்குக் காட்டும். எத்தனை குத்தில் போட்டோம், எத்தனை தவறியது என்று மருத்துவமனைக்கே ஒரு கண்ணாடியாகவும் இருக்கும்.

அடுத்து பயிற்சி. நம் பக்கத்திலேயே அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்களின் கட்டணப் போராட்டத்துக்குப் பிறகு, 2021இல் மாநிலச் சுகாதாரத் துறைக்கு மாறி அரசுக் கல்லூரியாகிவிட்டது. செவிலியர் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. மாவட்டத்தில் இருக்கும் டாக்டர்களும் செவிலியர்களும் சேர்ந்து பழக ஒரு அறை அங்கே போதும். லட்சக்கணக்கில் பொம்மை வாங்க வேண்டும் என்றில்லை. பரங்கிப்பேட்டையில் நோன்புக் காலத்தில் காய்ச்சுவார்களே கடல்பாசி, அதேதான் அகர். அதைக் கெட்டியாகக் காய்ச்சி, நடுவில் தண்ணீர் நிரப்பிய நீள பலூனைப் புதைத்து உறையவைத்தால், ஸ்கேனில் ரத்தக்குழாய் போலவே தெரியும். உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் இப்படி அகரிலும் ஜெலட்டினிலும் செய்து பழகுகிறார்கள். ஐம்பது தடவை கடல்பாசியில் குத்தட்டும். முனையை விடாமல் பிடிக்கிறாரா என்று மூத்தவர் ஒருவர் பார்க்கட்டும். தேறியபின் மனிதர் கழுத்துக்கு வரட்டும். செய்முறைத் தேர்வில் தேறாத பிள்ளைக்கு நாம் மதிப்பெண் போடுவதில்லையே. ஒன்றைப் பார், ஒன்றைச் செய், பிறகு நீயே சொல்லிக்கொடு என்று மருத்துவத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு என்பார்கள். ஊசி முனை விஷயத்தில் அந்த வழக்கு காலாவதி ஆகட்டும்.

எதிர்வாதங்களையும் பார்ப்போம்.

"அவசரத்தில் கருவியைத் தேட நேரம் ஏது?" ஸ்கேன் ரூமில் பூட்டி வைத்திருந்தால் நேரம் இல்லைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிடம். மூன்று தடவை தவறிக் குத்தும் நேரத்தைவிட அது குறைவு.

"காசு?" கருவி சில லட்சம். கழுத்தில் தமனி கிழிந்தவருக்கு அறுவை சிகிச்சை, ரத்தம், கூடுதலாக ஐ.சி.யூ. நாட்கள் என்று கூட்டிப் பாருங்கள். அரசுக் காப்பீட்டில் போனாலும் அது நம் வரிப்பணம்தான்.

"கருவியையே நம்பினால் கை மழுங்கிவிடாதா?" இது நல்ல கேள்வி. மின்சாரம் போன நேரத்தில், கருவி கெட்ட நேரத்தில், பழைய முறையும் தெரிந்திருக்க வேண்டும். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போல இரண்டையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். அதற்காகக் கணக்கு அலுவலகத்தில் கால்குலேட்டரைப் பூட்டி வைப்பதில்லை.

கடைசியாக, நோயாளியும் வீட்டாரும் செய்யக் கூடியவை.

கழுத்திலோ தொடையிலோ லைன் போட வேண்டும் என்று கையெழுத்து கேட்டால், மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். "ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா டாக்டர்? இதைப் போட்டுப் பழகிய மூத்தவர் பக்கத்தில் இருப்பாரா? போட்ட பிறகு எக்ஸ்ரே எடுப்பீர்களா?" கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் உயிர் ஊசலாடும் நேரத்தில் கருவி இல்லையென்று மறுத்துக்கொண்டு நிற்காதீர்கள், அன்றைக்குக் கையில் இருப்பதை வைத்துத்தான் காப்பாற்ற முடியும். தவறு நடந்தால் விவரம் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். டாக்டர் மேல் கை வைக்காதீர்கள். அடி விழும் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், உண்மை வெளியே வராத இடத்தில் யாரும் திருந்தவும் மாட்டார்கள்.

வீட்டில் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால், டயாலிசிஸ் வரும் என்று டாக்டர் கோடி காட்டும்போதே ஃபிஸ்துலா பற்றிப் பேசுங்கள். கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை சிகிச்சை அது. முன்கூட்டியே செய்து, தயாராக விட்டால் கழுத்துக் குழாய்க்கு அவசியமே வராமல் போகலாம். அதற்காக, அதிகம் பயன்படுத்தாத கையைக் காப்பாற்றி வையுங்கள். ரத்தம் எடுக்க, குளுக்கோஸ் ஏற்ற அந்தக் கையை நீட்டாதீர்கள். "நர்ஸம்மா, இந்தக் கை டயாலிசிஸுக்கு, அந்தக் கையில எடுங்க" என்று சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்கள்.

நம் மாவட்டத்துக்கு நான் கேட்பது நான்குதான். அரசு மருத்துவமனைகளின் ஐ.சி.யூ., டயாலிசிஸ், அவசரப் பிரிவு ஒவ்வொன்றிலும் ரத்தக்குழாய்க்கு மட்டுமான, முறையாகப் பதிவு செய்த ஒரு கருவி. அண்ணாமலை நகரில் ஒரு பயிற்சி அறை. எங்கே வைக்கலாம், யார் தொடலாம், எப்படிப் பதிவேடு எழுத வேண்டும் என்று மாவட்ட அதிகாரிகள் எல்லா மருத்துவமனைகளுக்கும் தமிழில் அனுப்பும் ஒரு பக்கச் சுற்றறிக்கை. "நிறுத்துங்கள்" என்று சொல்லச் செவிலியருக்கு எழுத்தில் ஓர் உரிமை. நான்கிலும் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை, ஒரு கோப்பு நகர்ந்தால் போதும்.

இந்தப் பக்கம் மருத்துவத் துறையில் வேலை செய்யும் என் மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் இடத்தில் நிலைமை எப்படி என்று கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள், வாத்தியார் என்று பார்க்க வேண்டாம். மருத்துவமனை பெயரோ நோயாளி பெயரோ போடாதீர்கள். வருகிற தகவலையெல்லாம் தொகுத்து ஒரு மனுவாக எழுதி மாவட்ட ஆட்சியரிடமும் நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நேரில் கொடுக்க இருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், புவனகிரி